குறிச்சொல் ஒத்திசைவை வேகப்படுத்துதல்: மாறியதை மட்டும் கேட்கும் கேச்

மின்னஞ்சல் வந்து சேர்ந்த பிறகு மாறுவதில்லை. அனுப்பியவர் பெயர், தேதி, வாசகம், இணைப்பு எல்லாம் வந்த நாளில் இருந்தபடியே இருக்கும். மாறிக்கொண்டே இருப்பவை அதன்மேல் இடப்படும் குறிச்சொற்கள்தாம்: படிக்காதது, நிலுவை, அவசரம், பணம் வந்தது. ஒரே அஞ்சல்பெட்டியை இரண்டு கணினிகளில் வைத்திருப்பவருக்குப் புது அஞ்சலை இறக்குவது பெரிய வேலையே அல்ல. பழைய அஞ்சல்களில் எதன் குறிச்சொல் எந்தப் பக்கம் மாறியது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகிறது.

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் ஏற்றுமதிப் பிரிவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். தமிழில் கிளிமூக்கு என்று சொல்லும் தோத்தாபுரி மாங்காய் ஜூன், ஜூலையில் லாரி லாரியாக வந்து இறங்கும்போது, வெளிநாட்டுக் கொள்முதல்காரர்கள், கப்பல் முகவர்கள், ஆய்வுக்கூடங்கள் என்று அஞ்சல்களும் குவியும். அலுவலக மேசைக் கணினியில் கணக்கர் குறிச்சொல் இடுகிறார். மேலாளர் தம் மடிக்கணினியோடு காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு ரயிலில் போகிறார். வழியில் சிக்னல் வந்து வந்து போகிறது. பெட்டியில் 80,000 அஞ்சல்கள் இருப்பதாகவும், ஒரு நாளில் அதிகம் போனால் 120 அஞ்சல்களின் குறிச்சொற்கள் மாறுவதாகவும் கொள்வோம்.

ஒவ்வொரு முறையும் எல்லா அஞ்சல்களின் குறிச்சொற்களையும் கேட்டு வாங்கி ஒப்பிடும் மென்பொருள், அஞ்சல் ஒன்றுக்கு 50 பைட் என்று பார்த்தாலும் 40 லட்சம் பைட், அதாவது சுமார் 4 மெகாபைட் இறக்க வேண்டும். கால்மணிக்கு ஒருமுறை ஒத்திசைத்தால் 10 மணி நேர வேலைநாளில் 160 மெகாபைட். உண்மையில் மாறிய 120 அஞ்சல்களுக்குத் தேவையானது 6 கிலோபைட்தான். நல்ல ஃபைபர் இணைப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பாகாலாவைத் தாண்டி ஒற்றைக் கோடு சிக்னலில் உட்கார்ந்திருப்பவருக்கு, வேலை முடிவதற்கும் முடியாமல் நின்றுபோவதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான். கணினிக்கும் 80,000 வரிகளை ஒப்பிடும் வேலை மிஞ்சுகிறது. பேட்டரி அதில் கரைகிறது.

குறிப்பேடும் பேரேடும்

இந்தச் சிக்கலுக்கான விடை வணிகக் கணக்கில் வெகுநாளாக இருக்கிறது. அன்றன்று நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதி, பிறகு அவரவர் பெயருக்குப் பேரேட்டில் ஏற்றுவார்கள். குறிப்பேட்டில் பேரேட்டுப் பக்க எண்ணுக்கென்று ஒரு கட்டம் உண்டு. எண் எழுதியிருந்தால் அந்த வரி ஏற்றப்பட்டுவிட்டது, கட்டம் காலியாக இருந்தால் இன்னும் ஏற்றவில்லை. இடையில் கடையை மூடிவிட்டுப் போன கணக்குப்பிள்ளை மறுநாள் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை. முதல் காலிக் கட்டத்திலிருந்து தொடங்குவார்.

முந்தைய ஒத்திசைவின் நிலையைச் சேமித்து வைத்துக்கொண்டு, மாறியதை மட்டும் கேட்கும் கேச் செய்வதும் இதேதான். அதற்கு மூன்று வேண்டும். மாற்றம் நடக்க நடக்க ஏறிக்கொண்டே போகும் ஓர் எண். கடைசியாக எந்த எண் வரை பார்த்தாயிற்று என்ற பதிவு. அந்தப் பதிவு இன்னும் செல்லுமா என்று சொல்லும் ஓர் அடையாளம். பெரும்பாலான ஒத்திசைவுக் கருவிகள் முதல் இரண்டைச் சரியாகச் செய்கின்றன. மூன்றாவதை அலட்சியம் செய்கிறவைதான் பிற்பாடு குறிச்சொற்களைத் தொலைக்கின்றன.

சர்வர் தரும் எண்கள்

ஐமேப் நெறிமுறையை ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் 1986-இல் தொடங்கினார். நீண்ட காலம் அதில் "என்ன மாறியது" என்று கேட்க வழியே இல்லை; "என்ன இருக்கிறது" என்றுதான் கேட்க முடிந்தது. 2006-இல் வெளியான ஆர்எஃப்சி 4551, கான்ட்ஸ்டோர் என்ற நீட்சியைச் சேர்த்தது. இதில் ஒவ்வோர் அஞ்சலுக்கும் மாட்சீக் எனும் மாற்ற எண் உண்டு. குறிச்சொல் மாறும்போதெல்லாம் அந்த அஞ்சல் முன்னைவிடப் பெரிய எண்ணைப் பெறும். பெட்டியைத் திறந்ததும் சர்வர் அந்தப் பெட்டியின் உச்ச எண்ணைச் சொல்லிவிடும். கேச்சில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால் அங்கேயே வேலை முடிந்தது. ஒரு கேள்வி, ஒரு பதில். வேறாக இருந்தால், "இந்த எண்ணுக்குப் பின் மாறியவற்றை மட்டும் கொடு" என்று கேட்டால் போதும்.

நீக்கிய அஞ்சல்களைக் கான்ட்ஸ்டோர் மட்டும் சொல்லாது. இல்லாத அஞ்சலுக்கு மாற்ற எண் ஏது? அதற்காக வந்தது கியூரீசிங்க் என்ற அடுத்த நீட்சி. மறைந்துபோன அஞ்சல்களின் எண்களைச் சர்வரே பட்டியலாகத் தந்துவிடும். 2014-இல் இரண்டும் ஆர்எஃப்சி 7162-இல் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. டவ்காட் சர்வரில் இரண்டும் உண்டு. எந்தச் சர்வராக இருந்தாலும் இணைந்தவுடன் அது அறிவிக்கும் திறன் பட்டியலைப் பார்த்து, கியூரீசிங்க் இல்லையென்றால் அஞ்சல் எண்களின் பட்டியலை மட்டும் வாங்கி நீக்கங்களைக் கண்டுகொள்ள வேண்டும்.

பதிவு செல்லுமா என்பதைச் சொல்லும் அடையாளம் ஐமேப்பில் யுஐடி வேலிடிட்டி. பெட்டியை அழித்துப் புதிதாக உருவாக்கினாலோ சர்வரை மாற்றினாலோ இந்த எண் மாறக்கூடும். மாறிவிட்டால் கேச்சில் உள்ள எண்கள் அனைத்தும் வேறு ஏதோ ஒரு பெட்டியைப் பற்றியவை. அஞ்சல் எண் 4,512 என்பது நேற்று ஒரு கப்பல் ரசீது, இன்று வேறொன்று. இதைப் பார்க்காமல் பழைய எண்களுக்குக் குறிச்சொல் ஏற்றினால் அஞ்சல்கள் தாறுமாறாகக் குறிக்கப்படும். பிழைச்செய்தி ஒன்றும் வராது என்பதுதான் கொடுமை.

ஜிமெயிலில் ஐமேப் வழியாகவும் போகலாம், 2014-இல் கூகுள் திறந்த ஏபிஐ வழியாகவும் போகலாம். ஏபிஐயில் வரலாற்று எண் என்று ஒன்று உண்டு. கடைசியாகப் பார்த்த எண்ணைக் கொடுத்தால், அதன்பின் சேர்ந்த அஞ்சல், நீக்கிய அஞ்சல், இட்ட லேபிள் (ஜிமெயிலில் குறிச்சொல்லின் பெயர்), எடுத்த லேபிள் ஆகியவை வரிசையாக வரும். இந்த வரலாற்றைக் கூகுள் என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. பொதுவாக ஒரு வாரமாவது இருக்கும். எண் காலாவதியாகிவிட்டால் 404 என்ற பதில் வரும். முழு ஒத்திசைவுக்குத் திரும்பியே ஆக வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து மடிக்கணினியைத் திறப்பவருக்கு இது நேரலாம். 404-ஐத் தோல்வியாக எண்ணி நின்றுவிடாமல் தானாக முழு ஒத்திசைவைத் தொடங்கும்படி நிரலை எழுத வேண்டும். இங்கே லேபிளின் பெயரைவிட அதன் அடையாள எண்தான் முக்கியம். பெயரை மாற்றினாலும் எண் மாறாது. கேச்சில் எண்ணை வைத்துக்கொண்டு, பெயருக்கு ஒரு சிறு அட்டவணை தனியாக வைத்தால், "நிலுவை" என்பதை "பாக்கி" என்று மாற்றியதற்காக ஆயிரக்கணக்கான அஞ்சல்களைத் தொட வேண்டியிருக்காது.

கணினிப் பக்கத்து எண்

சர்வர் பக்கத்தை இப்படிச் சுருக்கிவிட்டு, கணினிப் பக்கத்தில் 80,000 அஞ்சல்களையும் புரட்டினால் பாதி வேலைதான் மிச்சம். இங்கேயும் அதே போன்ற எண் வேண்டும். கார்ல் வொர்த் 2009-இல் தொடங்கிய நாட்மச் என்ற அஞ்சல் தேடல் கருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது அஞ்சல் கோப்புகளைத் தொடாமல், குறிச்சொற்களைச் சேப்பியன் தேடல் தரவுத்தளத்தில் வைக்கிறது. 2015-இல் வந்த 0.21 பதிப்பிலிருந்து அந்தத் தரவுத்தளத்துக்கு ஒரு திருத்த எண் உண்டு. குறிச்சொல் மாறிய அஞ்சல் ஒவ்வொன்றும் மாறிய நேரத்துத் திருத்த எண்ணைத் தாங்கியிருக்கும். லாஸ்ட்மாட் என்ற தேடல்சொல்லோடு பழைய எண்ணைக் கொடுத்தால், அதற்குப் பிறகு மாறியவை மட்டும் வரும். கூடவே தரவுத்தளத்தின் அடையாளக் குறியும் கிடைக்கும். தரவுத்தளத்தை அழித்துப் புதிதாகக் கட்டினால் அந்தக் குறி மாறிவிடும். ஐமேப்பின் யுஐடி வேலிடிட்டி செய்யும் காவலை இங்கே இது செய்கிறது.

இந்த எண்ணை நம்பிப் பல கருவிகள் எழுந்துள்ளன. நாட்மச்சையும் ஜிமெயிலையும் இணைப்பது லீயர். இரண்டு கணினிகளின் நாட்மச் தரவுத்தளங்களை நேராக இணைப்பது டேவிட் மசியெரஸ் எழுதிய மச்சிங்க். 2022-இல் 0.37 பதிப்போடு வந்த நாட்மச்-கிட், குறிச்சொற்களைக் கிட் களஞ்சியத்தில் வைக்கிறது. அதன் அமைப்பு எளிமையானது: ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஒரு கோப்புறை, ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் அதற்குள் ஒரு வெற்றுக் கோப்பு. கோப்பு இருந்தால் குறிச்சொல் உண்டு, இல்லையென்றால் இல்லை. முழுத் தரவுத்தளத்தையும் ஒவ்வொரு முறையும் களஞ்சியத்தின் வடிவுக்கு மாற்றிக்கொண்டிருந்தால் தாமதமாகும். முன்பு கட்டிய அட்டவணையை வைத்துக்கொண்டு, திருத்த எண் காட்டும் அஞ்சல்களை மட்டும் அதில் திருத்துவதே வேகத்துக்கு வழி.

நீக்கம் இங்கேயும் தொல்லைதான். தரவுத்தளத்திலிருந்து போய்விட்ட அஞ்சல் எந்தத் தேடலுக்கும் அகப்படாது. அஞ்சல்களின் மொத்த எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால், அஞ்சல் ஐடிகளின் பட்டியலை மட்டும் எடுத்துக் கேச்சோடு ஒப்பிட வேண்டும். புது அஞ்சல் வரவையும் கணக்கில் சேர்த்தே அந்த எதிர்பார்ப்பைப் போட வேண்டும். 5 வந்து 5 நீங்கினால் மொத்தம் அசையாது.

அடிநிலை

எண் மட்டும் போதாது. மடிக்கணினியில் ஓர் அஞ்சலுக்கு "நிலுவை" இல்லை. அலுவலகக் கணினியில் அதே அஞ்சலுக்கு "நிலுவை" இருக்கிறது. மேலாளர் பணம் வந்ததைப் பார்த்து எடுத்துவிட்டாரா, கணக்கர் புதிதாகச் சேர்த்தாரா? இரண்டு பக்கத்தையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. கடைசியாக இருவரும் ஒத்துப்போன நிலை என்ன என்று தெரிந்தால் மட்டுமே விடை கிடைக்கும். அந்த நிலைதான் அடிநிலை. கேச் கட்டாயம் வைத்திருக்க வேண்டியது அதைத்தான்.

அடிநிலையில் "நிலுவை" இருந்திருந்தால் மேலாளர் எடுத்திருக்கிறார். அலுவலகத்திலும் எடுக்க வேண்டும். இருந்திராவிட்டால் கணக்கர் சேர்த்திருக்கிறார். மடிக்கணினியிலும் சேர்க்க வேண்டும். குறிச்சொல் ஒத்திசைவின் அழகே இங்குதான் இருக்கிறது. அடிநிலையில் ஒரு குறிச்சொல் இருந்தால் அதற்கு நேரக்கூடியது நீக்கம் ஒன்றுதான். இல்லாதிருந்தால் சேர்ப்பு ஒன்றுதான். ஒருவர் சேர்க்க, மற்றவர் நீக்க என்று இருவரும் முட்டிக்கொள்ள வாய்ப்பே இல்லை. ஆவணத்தின் ஒரே வரியை இருவர் திருத்தினால் யாராவது உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். குறிச்சொற்களில், அடிநிலை கையில் இருக்கும்வரை, அந்த அவசியமே வராது.

அடிநிலை இன்னொரு தொல்லையையும் தீர்க்கிறது. சர்வரிலிருந்து வந்த 120 மாற்றங்களைக் கணினியில் ஏற்றியதும் கணினியின் திருத்த எண்ணும் ஏறும். அடுத்த முறை, கருவி அந்த 120-ஐயும் "இங்கே மாறியவை" என்று கண்டு சர்வருக்கே திருப்பி அனுப்பப் பார்க்கும். சர்வரின் எண் ஏறும். அது மறுபடி இங்கே வரும். கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல்போல ஓயாது. ஏற்றியவுடன் அடிநிலையையும் திருத்திவிட்டால், அடுத்த முறை அந்த அஞ்சல்களை அடிநிலையோடு ஒப்பிடும்போது வேறுபாடு எதுவும் தெரியாது. அனுப்ப ஒன்றும் இருக்காது.

எழுதும் வரிசை

கேச்சைக் கெடுப்பது பெரும்பாலும் தவறான வரிசை. முதலில் இரு பக்கத்தின் தற்போதைய எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் மாறியவற்றைக் கேட்க வேண்டும். தலைகீழாகச் செய்தால், பட்டியல் வந்ததற்கும் எண்ணைக் குறித்ததற்கும் நடுவே கணக்கர் இட்ட குறிச்சொல் எந்தச் சுற்றிலும் அகப்படாமல் போய்விடும். முன்கூட்டிக் குறித்தால் நேரக்கூடிய அதிகபட்சக் குறை, ஒரே மாற்றம் இருமுறை வருவது. ஏற்கெனவே உள்ள குறிச்சொல்லை மறுபடி இட்டால் ஒன்றும் கெடாது.

பிறகு இரு பக்கமும் மாற்றங்களை ஏற்ற வேண்டும். அவை ஏறிவிட்டன என்று உறுதியான பின்பே அடிநிலையையும் புது எண்களையும் சேர்த்து எழுத வேண்டும். எண்ணை முதலில் எழுதிவிட்டு மாற்றங்களை ஏற்றும் நடுவே கரண்ட் போனால், கேச் எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பும். ஏறாத மாற்றங்கள் ஏறாமலே நிற்கும். பேரேட்டில் ஏற்றாமலே பக்க எண்ணைக் கட்டத்தில் எழுதுவதற்கு ஒப்பான தவறு அது. எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளத்தில் அடிநிலையையும் எண்ணையும் ஒரே பரிவர்த்தனைக்குள் எழுதலாம். வெறும் கோப்பாக வைத்திருந்தால், தற்காலிகப் பெயரில் முழுதும் எழுதி, வட்டில் இறங்கியதை உறுதிசெய்து, பிறகு பெயரை மாற்ற வேண்டும்.

தமிழ்க் குறிச்சொற்கள்

சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் பக்கத்து அலுவலகங்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும், குறிச்சொற்களும் அப்படித்தான். ஆங்கிலக் குறிச்சொற்களுக்கு வராத சில தொல்லைகள் இங்கே வரும். கேச் வேகமாக ஓடாததற்குப் பல நேரம் இவையே காரணம்.

"கொள்முதல்" என்ற குறிச்சொல்லைப் பார்க்கலாம். இதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முதல் முறையில் அந்தச் சொல் 9 குறியீடு, 27 பைட். இரண்டாவதில் 10 குறியீடு, 30 பைட். பைட்டுகளை ஒப்பிடும் கருவிக்கு இவை வெவ்வேறு குறிச்சொற்கள். ஒரு பக்கம் சேர்த்தே எழுதி, மறு பக்கம் பிரித்தே சேமித்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று நீங்கியதாகவும் மற்றொன்று சேர்ந்ததாகவும் கேச் காணும். யாரும் எதையும் தொடாத நாளிலும் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் ஓடும். ஓகாரம், ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலை. தெலுங்கில் ஐகாரக் குறிக்கும் அப்படியே. ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமிக்கும் வழக்கமுடையது என்பதால், குறிச்சொற்களைக் கோப்புப் பெயராகவே வைக்கும் முறைகளில் இது எளிதில் நேரும். தீர்வு, குறிச்சொல் கேச்சுக்குள் நுழையும் வாசலிலேயே அதை என்எஃப்சி எனும் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிவிடுவது.

என்எஃப்சி தீர்க்காத ஒன்றும் உண்டு. திருமலையில் பௌர்ணமி கருட சேவை நாளுக்கு அறை கேட்டு வரும் அஞ்சல்களுக்குத் திருப்பதியின் தங்கும் விடுதி ஒன்று "பௌர்ணமி" என்று குறிச்சொல் இடுவதாகக் கொள்வோம். ஒருவர் ஔகாரக் குறியை இட்டு எழுதுவார். இன்னொருவர் கொம்புக்குப் பின் ளகர எழுத்தையே அடித்து "பெளர்ணமி" என்று எழுதுவார். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. யூனிகோடு கணக்கில் இவை வேறு எழுத்துகள், ஆகவே எந்த இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. விடுதியின் குறிச்சொற்களுக்கு ஒரு நிலையான பட்டியல் வைத்து, அதிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கச் செய்வதே வழி.

நீளத்துக்கும் எல்லை உண்டு. நாட்மச்சில் ஒரு குறிச்சொல் 200 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 66 குறியீடுகள் வரைதான் இடம்; மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஐமேப்பின் குறிச்சொற்களோ ஆஸ்கி எழுத்துகளைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. தண்டர்பேர்டில் முதல் ஐந்து குறிச்சொற்களில் ஒன்றுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தவர்கள், அந்தப் பெயர் அடுத்த கணினியில் தோன்றாததைக் கண்டிருப்பார்கள். சர்வருக்குப் போவது ஓர் ஆஸ்கிச் சாவி மட்டுமே. பெயர் அந்தக் கணினியிலேயே தங்கிவிடுகிறது. எனவே சாவிக்கும் தமிழ்ப் பெயருக்கும் உள்ள அட்டவணையைக் கேச்சோடு வைத்து, அதையும் எல்லாக் கணினிகளுக்கும் கொண்டுசேர்க்க வேண்டும்.

கேச்சைச் சோதிப்பதும் எறிவதும்

கேச் எந்நேரமும் அழித்துவிட்டுத் திரும்பக் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். குறிச்சொற்களின் ஒரே பிரதி அதில் இருக்கக் கூடாது. அடையாளக் குறி பொருந்தவில்லை, எண் காலாவதியாகிவிட்டது, கேச் கோப்பின் வடிவப் பதிப்பு பழையது என்ற மூன்றில் எது நேர்ந்தாலும் ஒட்டுப்போட முயலாமல் எறிந்துவிட்டு முழு ஒத்திசைவு செய்வதே நல்லது. அடிநிலை போய்விட்ட அந்த ஒரு முறை மட்டும், எந்தக் குறிச்சொல்லையும் நீக்காமல் இரு பக்கத்தையும் கூட்டிச் சேர்க்க வேண்டும். எடுத்த குறிச்சொற்கள் சில மீண்டும் வந்து நிற்கும். அவற்றை மறுபடி எடுத்துவிடலாம். தவறாக நீங்கிய "நிலுவை" யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.

வாரம் ஒருமுறை, ஆலை ஓடாத இரவில், மாறியதை மட்டும் கேட்டுக் கிடைத்த நிலையையும் முழுதும் கேட்டுக் கிடைத்த நிலையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓர் அஞ்சலில் வேறுபாடு வந்தாலும் நிரலில் எங்கோ ஓட்டை இருக்கிறது. நீக்கப்பட்ட அஞ்சல்களையும் ஒகர, ஔகாரக் குறிச்சொற்களையும் முதலில் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு தடுப்பு. நாட்மச்-கிட்டில் பாதுகாப்புப் பங்கு என்றோர் அமைப்பு உண்டு. இயல்பாக அது 0.1. குறிச்சொல் மாறும் அஞ்சல்களின் பங்கு அதைத் தாண்டினால், பயனர் வலிந்து கட்டளையிட்டாலொழிய வேலை நடக்காது. எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் இப்படி ஒரு வரம்பை வைத்துக்கொள்ளலாம். 80,000 அஞ்சல் பெட்டியில் 0.1 என்பது 8,000. நாளுக்கு 120 மாறும் அலுவலகத்துக்கு அது மிக அதிகம். அங்கே வரம்பை 1,000-க்குக் குறைத்து, தாண்டும்போது ஒத்திசைவை நிறுத்தி, மாற்றப் பட்டியலைத் திரையில் காட்டிக் கணக்கரின் சம்மதம் கேட்கும்படி வைக்க வேண்டும்.